முனைவர் பட்டத்துக்கு நடுவே: பேப்பர், கருத்தரங்கு, கொஞ்சம் காலண்டர்

ஆய்வு மாணவராகச் சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு கேள்வி துரத்த ஆரம்பிக்கும்: “பேப்பர் ஏதாவது போட்டாச்சா?” சீனியர்கள் கேட்பார்கள், பக்கத்து ஆய்வகத்தில் கேட்பார்கள், ஆய்வுக் குழுக் கூட்டத்தில் கேட்பார்கள். தலைப்பே இன்னும் முடிவாகாதவருக்கு வயிற்றைக் கலக்கும். பேப்பர் என்றால் என்ன, அனுப்பினால் யார் கைக்குப் போகிறது, ஆய்வேட்டுக்கே நேரம் போதாதபோது இது எதற்கு என்பதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லித்தர மட்டும் ஆள் இருக்காது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடலாம். ஆய்வேட்டை முழுதாக எழுதி முடித்து, அதிலிருந்து இரண்டு மூன்று கட்டுரைகளை உருவி எடுத்து வெளியிடுவது என்பதுதான் பலர் மனத்தில் இருக்கும் வரிசை. நடைமுறையில் தலைகீழ் வரிசைதான் லாபம். அரைகுறையாக இருக்கும்போதே ஒரு கருத்தரங்கில் வைத்து நாலு பேரிடம் அடி வாங்கி, அதைச் சரிசெய்து ஆய்விதழுக்கு அனுப்பி, அங்கே வரும் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டால், அந்த அத்தியாயம் ஏறக்குறைய தயார். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கப்போகிற கேள்விகளில் பாதியை முகம் தெரியாத யாரோ முன்கூட்டியே கேட்டிருப்பார்கள். வேலைக்கான தன்விவரக் குறிப்பில் ஒரு வரி சேர்வது அதற்குப் பிறகு வரும் லாபம்.

கட்டுரை அனுப்பினால் என்ன நடக்கும்

ஆய்விதழ் என்பது பழைய ஏற்பாடு. லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையின் வெளி ஆட்களிடம் கொடுத்துச் சோதிக்கும் வழக்கம், நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. ‘நேச்சர்’ போன்ற இதழே 1973க்குப் பிறகுதான் அதை முறையாகக் கடைப்பிடித்தது. சக ஆய்வாளர் மதிப்பாய்வு, பேச்சுவழக்கில் பியர் ரிவியூ, என்று சொல்வது இதைத்தான்.

இதழின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கிக் கட்டுரையை ஏற்றுகிறீர்கள். கூடவே பதிப்பாசிரியருக்கு ஒரு முகப்புக் கடிதம்: இந்தக் கட்டுரையில் புதிதாக என்ன இருக்கிறது, இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும் என்று அரைப் பக்கத்தில். பதிப்பாசிரியர் முதலில் தாமே பார்ப்பார். இதழின் எல்லைக்குள் வராவிட்டாலோ, மேலோட்டமாகவே குறை தெரிந்தாலோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கு டெஸ்க் ரிஜெக்ட் என்று பெயர். சில நாட்களிலேயே வந்துவிடும் என்பதால் மனம் வலித்தாலும் காலம் வீணாகாது.

அதைத் தாண்டினால் இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களுக்குப் போகும். பெரும்பாலும் அவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. சில இதழ்களில் நீங்கள் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இந்த வேலைக்கு அவர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது, தங்கள் சொந்த வேலைக்கு நடுவேதான் படிக்கிறார்கள். அதனால் மாதங்கள் ஓடும். கணிதத்திலும் சமூக அறிவியலின் சில பிரிவுகளிலும் ஒரு வருடம் தாண்டுவதும் உண்டு. அந்த நேரத்தில் அதே கட்டுரையை இன்னொரு இதழுக்கு அனுப்பக் கூடாது. ஒரு நேரத்தில் ஓர் இதழ் என்பது எழுதப்பட்ட விதி. மீறினால் இரண்டு இடத்திலும் பெயர் கெடும்.

முடிவு நான்கு விதமாக வரும்: ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு. முதல் சுற்றிலேயே நேராக ஏற்பது மிக அரிது. ‘பெருந்திருத்தம்’ என்று கடிதம் வந்தால் முகம் வாடிப்போகிற மாணவர்கள் நிறைய. உண்மையில் அது நல்ல செய்தி, கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தத் திருத்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதுதான் இந்த வித்தையின் மையம் என்பேன். ஓர் உதாரணம். தூக்கத்துக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மதிப்பாய்வாளர் இப்படிக் கேட்கிறார்: “அட்டவணை 2இன்படி, குறைவாகத் தூங்கிய குழுவின் சராசரி வயது அதிகம். நினைவாற்றல் குறைந்தது தூக்கத்தாலா, வயதாலா?”

அவசரத்தில் எழுதப்படும் பதில்: “மதிப்பாய்வாளருக்கு நன்றி. வயதின் தாக்கம் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.” இது பதிலே அல்ல, கட்டுரை அடுத்த சுற்றில் விழுந்துவிடும்.

உருப்படியான பதில்: “சரியான கேள்வி. வயதையும் ஒரு மாறியாகச் சேர்த்து மறுபடி கணக்கிட்டோம். இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது, ஆனால் மறையவில்லை. புதிய எண்களை அட்டவணை 3இல் தந்துள்ளோம். 7ஆம் பக்கம் இரண்டாம் பத்தியில் விளக்கம் சேர்த்துள்ளோம்.” எதை மாற்றினோம், எங்கே மாற்றினோம் என்பது பக்க எண்ணோடு இருக்கிறது. மதிப்பாய்வாளர் தேடி அலைய வேண்டியதில்லை. அவர் சொன்னது தவறென்று தோன்றினாலும் இதே முறைதான்: ஏன் மாற்றவில்லை என்பதைச் சான்றோடு, கோபம் இல்லாமல் எழுத வேண்டும். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே ஒட்டி, அதன் கீழே பதிலை எழுதுவது வழக்கம். ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. அந்த வயதுக் கேள்வி இங்கே வராமல் இருந்திருந்தால் எங்கே வந்திருக்கும்? வாய்மொழித் தேர்வில், பத்துப் பேர் முன்னால்.

நிராகரிப்பும் சில சமயம் கட்டுரையைத் தூக்கிவிடும். இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964இல் அனுப்பிய தம் இரண்டாவது கட்டுரையை ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ ஏற்கவில்லை. அவர் அதில் சில பகுதிகளைச் சேர்த்து ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழுக்கு அனுப்பினார். பின்னாளில் ஹிக்ஸ் போசான் என்று பெயர்பெற்ற துகளைப் பற்றிய கணிப்பு அப்படிச் சேர்த்த பகுதியில்தான் இருந்தது. 2013இல் நோபல் பரிசு. நமக்கெல்லாம் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. திரும்பி வந்த கட்டுரையை எழுத்துக்கூட மாற்றாமல் அடுத்த இதழுக்குத் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய வீண் என்பதற்காகச் சொல்கிறேன்.

மதிப்பாய்வு தெய்வ வாக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் துறையின் பெரிய மாநாடுகளில் ஒன்றான நியூரிப்ஸ் 2014இல் ஒரு சோதனை செய்தது. 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் கட்டுரைகளில் ஒரு குழு ஏற்றதை மற்றது நிராகரித்திருந்தது. ஆகவே ஒரு நிராகரிப்பை வைத்து ஆய்வே தேறாது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எந்த இதழ்?

எளிய வழி: உங்கள் கட்டுரையின் துணைநூல் பட்டியலைப் பாருங்கள். அதில் எந்த இதழ்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சமீபத்திய நாலைந்து இதழ்களைப் புரட்டி, அவர்கள் வெளியிடும் கட்டுரையின் நீளம், நடை, தரவின் அளவு எல்லாம் உங்களுடையதற்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கட்டுரையை எழுதி முடித்துவிட்டு இதழ் தேடுவதைவிட, இதழை மனத்தில் வைத்து எழுதுவது எவ்வளவோ மேல்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண் பெரிதாகப் பேசப்படும். யூஜின் கார்ஃபீல்டு உருவாக்கிய கணக்கு அது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளை இந்த ஆண்டில் மற்றவர்கள் 250 முறை மேற்கோள் காட்டியிருந்தால் எண் 2.5. அவ்வளவுதான். அது இதழின் சராசரி, உங்கள் கட்டுரையின் தரம் அல்ல. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கம் வேறு என்பதால் ஒரு கணித இதழையும் ஒரு மருத்துவ இதழையும் இந்த எண்ணால் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. தேர்வுக் குழுக்கள் இதையே பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்கு எப்போதும் வியப்பு.

இந்த இடத்தில் கவனம் தேவைப்படும் பெரிய பள்ளம் போலி இதழ்கள். பணம் வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் வெளியிடுவார்கள். ஆனால் கட்டணம் கேட்கிற இதழெல்லாம் போலி அல்ல. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல இதழ்கள் பலவும் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன. வேறுபாடு மதிப்பாய்வில் இருக்கிறது. ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளை வைத்து ஒரு மருந்து ஆய்வுக் கட்டுரையைத் தயாரித்து, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் இதை வெளியிட்டபோது பெரும் சலசலப்பு.

அடையாளங்கள் எளிது. “மதிப்புக்குரிய மூத்த பேராசிரியர் அவர்களே” என்று முதலாண்டு மாணவருக்கே அழைப்பு வரும். ஒரே வாரத்தில் வெளியீடு என்று உறுதி தருவார்கள். பொறியியல், மருத்துவம், மேலாண்மை, மொழியியல் எல்லாம் ஒரே இதழில் இருக்கும். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளங்களான ஸ்கோப்பஸில் இருக்கிறோம், வெப் ஆஃப் சயன்ஸில் இருக்கிறோம் என்று அவர்கள் தளத்தில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், அந்தத் தரவுத்தளத்துக்கே போய்ப் பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் பதிவெண்ணையும் அப்படியே திருடி நடத்தும் நகல் தளங்களும் உண்டு. அதனால் இதழின் முகவரியையும் தரவுத்தளம் காட்டும் இணைப்பின் வழியாகவே திறப்பது நல்லது. போலி இதழில் ஒருமுறை வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வேறு நல்ல இதழும் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று தொடாது. இரண்டு வருட உழைப்பு அங்கேயே புதைந்துவிடும்.

இன்னொரு வழியும் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவெளியில் வைக்கும் முன்வரைவுத் தளங்கள் இருக்கின்றன. இயற்பியலாளர்களுக்காக 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் இன்று கணிதம், கணினியியல் என்று விரிந்திருக்கிறது. உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் 2013 முதல். யார் முதலில் சொன்னார்கள் என்பதற்குத் தேதியோடு சான்று கிடைக்கும். நீங்கள் குறிவைத்திருக்கும் இதழ் இதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் முன்வரைவோ கருத்தரங்க உரையோ வெளிவரும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். பகிரங்கமானதைப் பல நாடுகளில் ‘புதிது’ என்று ஏற்க மாட்டார்கள்.

கருத்தரங்கு

முதலில் துறை வேறுபாடு. கணினி அறிவியலில் பெரிய மாநாடுகளே முதன்மை வெளியீட்டு இடம். முழுக் கட்டுரையையும் மதிப்பாய்வு செய்துதான் எடுப்பார்கள். பெரும்பாலான மற்ற துறைகளில் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் பார்த்து அனுமதிப்பார்கள், அங்கே பேசியது ‘வெளியீடு’ என்று கணக்கில் வராது. பக்கத்துத் துறை நண்பரின் எண்ணிக்கையோடு உங்களுடையதை ஒப்பிட்டுத் தூக்கம் கெடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு என்றால் பெரும்பாலும் பதினைந்து நிமிடம், அதில் பன்னிரண்டு உங்களுக்கு, மூன்று கேள்விகளுக்கு. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். ஆய்வேடு முழுவதையும் நாற்பது ஸ்லைடில் அடைத்துக்கொண்டு வருபவர், அமர்வுத் தலைவர் “ஒரு நிமிடம்” அட்டையைத் தூக்கும்போது இன்னும் முன்னாய்வுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். முடிவைக் கேட்கத்தான் மற்றவர்கள் வந்தார்கள், அது மட்டும் விட்டுப்போகும். நேரத்தை வைத்து ஆய்வகத்தில் இரண்டு மூன்று முறை உரக்கப் பேசிப் பார்த்துவிட்டுப் போவதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது. இன்னொன்று: கேட்கப்படும் கேள்விகளைப் பேசுபவரால் பதற்றத்தில் நினைவில் வைத்துக்கொள்ளவே முடியாது. அரங்கில் இருக்கும் ஒரு நண்பரிடம் அவற்றை எழுதித்தரச் சொல்லிவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவரும் மிக உருப்படியான பொருள் அந்தத் தாள்தான்.

முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவருக்குப் பேச்சைவிடப் போஸ்டர்தான் நல்லது என்பது என் கட்சி. கௌரவம் குறைவென்று பலர் தயங்குவார்கள். ஆனால் மேடையில் மூன்று நிமிடக் கேள்வி, போஸ்டர் முன்னால் ஒன்றரை மணி நேர உரையாடல். நின்று கேட்பவர் உண்மையிலேயே ஆர்வமுள்ளவர், சில நேரம் நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரையை எழுதியவரே வந்து நிற்பார். வழக்கமான அளவு ஏ0, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். பலகை நெட்டுவாக்கா குறுக்குவாக்கா என்பதை அறிவிப்பில் பார்த்துவிட்டு அச்சடியுங்கள். இரண்டடி தள்ளி நிற்பவருக்குப் படங்கள் தெரிய வேண்டும், பத்தி பத்தியாக எழுதியதை நின்றுகொண்டு யாரும் படிக்க மாட்டார்கள்.

உரைகள் முடிந்தபிறகு நடப்பதுதான் கருத்தரங்கின் பாதி. வேதியியல் வரலாற்றில் இதற்கு அழகான சான்று உண்டு. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் வேதியியலாளர்கள் கூடினார்கள். அணு எடையைக் கணக்கிடும் முறையில் ஆளுக்கொரு கணக்கு என்றிருந்த காலம். மூன்று நாள் விவாதித்தும் பொது முடிவு எட்டவில்லை. கூட்டம் கலையும் நேரத்தில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிட்சாரோ அணு எடைகளைப் பற்றி எழுதிய சிறு வெளியீடு ஒன்றை வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். அதைப் படித்தபின் ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயருக்குத் தெளிவு பிறந்தது. அங்கே வந்திருந்த இன்னொரு இளைஞர் மெண்டலீவ், வயது 26, முனைவர் பட்டம் பெற இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. அந்த அணு எடைகளின் மேல்தான் 1869இல் அவருடைய தனிம அட்டவணை எழுந்தது. நிகழ்ச்சி நிரலின்படி பார்த்தால் அது தோல்வியடைந்த மாநாடு.

ஆகவே உணவு இடைவேளையில் உங்கள் ஆய்வகத்து ஆட்களோடேயே ஓரமாக நின்றுவிடாதீர்கள். கூச்சமாக இருந்தால், யாருடைய உரை பிடித்ததோ அவரிடம் அந்த உரையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு பேச்சு தானாக நகரும்.

செலவு? பல மாநாடுகளில் மாணவருக்குப் பதிவுக் கட்டணம் குறைவு. பயண உதவித்தொகையும் இருக்கும், ஆனால் அதன் கடைசித் தேதி சுருக்கம் அனுப்பும் தேதியை ஒட்டியே வந்துவிடும். ஏற்பு வரட்டும் என்று காத்திருந்தவர்கள் தவறவிடுவது இங்கேதான். போலி இதழ்களைப் போலவே போலி மாநாடுகளும் உண்டு: நிகழ்ச்சிக் குழுவில் உங்கள் துறையில் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் ஒதுங்கிவிடுங்கள்.

காலண்டர்

ஆய்வேடு ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற விதி சில பல்கலைக்கழகங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. இருந்தாலும் அச்சில் வந்தாக வேண்டுமா, ஏற்புக் கடிதமே போதுமா என்பதில் வேறுபாடு இருக்கிறது. சேர்ந்த மாதமே விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள், வாய்வழித் தகவலை நம்ப வேண்டாம். முதல் சுற்று மதிப்பாய்வு, திருத்தம், இரண்டாம் சுற்று, நடுவே ஒரு நிராகரிப்பு என்று வைத்துப் பார்த்தால் ஒன்றரை வருடம் எளிதில் கரையும். ஒப்படைக்க நாலு மாதம் இருக்கும்போது முதல் கட்டுரையை அனுப்புபவர்தான் ‘ஒரு வாரத்தில் வெளியீடு’ கும்பலின் வலையில் விழுவார். அவர் ஏமாளி என்பதால் அல்ல, நேரம் கைமீறிவிட்டதால்.

முதல் கட்டுரை சின்னதாக இருக்கட்டும். ஒரு கேள்வி, ஒரு முறை, ஒரு முடிவு. முதல் முயற்சியிலேயே துறையைப் புரட்டிப்போட நினைத்து மூன்று வருடம் கையில் வைத்திருப்பதைவிட, சிறியதொன்றை முழுமையாக முடித்து அந்தச் சுற்று முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதற்காக ஒரே முடிவை நாலாக வெட்டி நாலு கட்டுரையாக்குவது வேறு விஷயம். மதிப்பாய்வாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கருத்தரங்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும். ஒவ்வொன்றும் தயாரிப்பு, பயணம், களைப்பு என்று இரண்டு மூன்று வாரத்தை விழுங்கும்.

பெயர்கள்

யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்பதைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே நெறியாளரிடம் பேசிவிடுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். முடிந்தபிறகு கேட்டால் அதைவிடச் சங்கடம். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசை. உயிரியல் போன்ற துறைகளில் வேலை செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். கருவி கொடுத்தவருக்கும் நிதி வாங்கித்தந்தவருக்கும் நன்றியுரையில் இடம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி பொறுப்பேற்க முடியாது என்பதால் அதை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும் என்பதே இப்போது இதழ்களின் பொதுவான நிலை. முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஒரே பெயரும் முதலெழுத்தும் உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் உங்கள் கட்டுரைகள் உங்கள் கணக்கிலேயே சேரும்.

கடைசியாக, வெளியான கட்டுரையை ஆய்வேட்டில் சேர்ப்பது. வடக்கு ஐரோப்பிய நாடுகளில் வெளியான கட்டுரைகளையே தொகுத்து, ஒரு நீண்ட முன்னுரையோடு ஆய்வேடாகக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மற்ற இடங்களில் அத்தியாயமாக விரித்து எழுதுவார்கள். எப்படியிருந்தாலும் பதிப்பகத்தோடு செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல பெரிய பதிப்பகங்கள் ஆசிரியர் தம் ஆய்வேட்டில் பயன்படுத்த அனுமதிக்கின்றன, ஆனால் எந்த வடிவத்தை என்பதில் நிபந்தனை இருக்கும். அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ‘இதன் ஒரு பகுதி இந்த இதழில் வெளியானது’ என்று குறிப்பு போட்டுவிடுங்கள். ஒப்புமை சோதிக்கும் மென்பொருளுக்கு உங்கள் கட்டுரை எது, அடுத்தவர் கட்டுரை எது என்று தெரியாது. உங்கள் சொந்த வரிகளையே சிவப்பில் காட்டும். சோதனைக்குக் கொடுக்கும்போதே வெளியான கட்டுரைகளின் பட்டியலை நூலகத்தில் கொடுத்து, அவற்றை விலக்கிக் கணக்கிடச் சொல்லுங்கள்.